வீடு வாங்கும்போது எதை வாங்குகின்றோம்?



எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம் உயிரிலும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த இளைஞர்களே, மதிப்பிற்குரிய பெற்றோர்களே!

எமது சமூகத்தில் சேமிப்பு என்றால் பெரும்பாலும் காணியும் வீடும்தான். கட்டாரிலோ சவூதியிலோ பத்து ஆண்டுகள் வெயிலில் உழைத்த ஒரு மகன் முதலில் நினைப்பது ஒரு துண்டு நிலத்தையே. வியாபாரத்தில் சிறிது மீதம் கண்ட தகப்பனாரும் ஒரு கடையறையை வாங்கிப் போடவே விரும்புகின்றார். வட்டிக்கு வங்கியில் பணம் வைக்க விரும்பாத ஒரு சமூகத்துக்கு இது இயல்பானது, வரவேற்கத்தக்கதும் கூட. ஆயினும், "வாங்குகின்றேன்" என்று சொல்பவரிடம் "எதற்காக?" என்று கேட்டால், தெளிவான பதில் கிடைப்பது அரிது. "வாடகை வரும், விலையும் ஏறும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றோம். இவை இரண்டும் வெவ்வேறான பொருட்கள். ஒன்றைக் கூடுதலாகப் பெற விரும்பினால், பெரும்பாலும் மற்றொன்றில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். நீண்டகாலம் வாடகைக்கு விடும் நோக்கில் ஓர் ஆதனத்தை வாங்குபவர் இவ்விரண்டையும் எவ்வாறு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதையே இங்கு சிந்திக்கவுள்ளோம்.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் எண்களை நீங்களே இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பின் கடற்கரையோரத்தில் ஒரு புதிய அடுக்குமாடி வீடு. விலை 4 கோடி ரூபாய். மாத வாடகை 150,000 ரூபாய். ஆண்டுக்கு 18 இலட்சம். விலையோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு நாலரை வீதம். ஆனால் இந்த 18 இலட்சமும் கைக்கு வருவதில்லை. ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடந்தால் 150,000 போய்விடும். மாடிக் கட்டடத்தின் பராமரிப்புக் கட்டணம் மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 240,000. திருத்த வேலைகளுக்கு ஓர் இலட்சம், சோலைவரிக்கு 30,000 என்று ஒதுக்கினால் எஞ்சுவது 12 இலட்சத்து 80,000. அதாவது நூற்றுக்கு 3.2 வீதம்.

இரண்டாவது, ஒரு சிறு நகரத்தில் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் அண்மையில் உள்ள பழைய வீடு. இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக வசிக்கக்கூடியது. விலை 1 கோடி 60 இலட்சம். ஒவ்வொரு பகுதிக்கும் மாதம் 50,000 வீதம் ஆண்டுக்கு 12 இலட்சம். வெறுமைக்கு ஓர் இலட்சம், பழைய வீடாகையால் திருத்த வேலைக்கு 2 இலட்சம், சோலைவரிக்கு 20,000 கழித்தால் 8 இலட்சத்து 80,000 எஞ்சும். இது நூற்றுக்கு ஐந்தரை வீதம்.

முதல் வீட்டின் பெறுமதி ஆண்டுதோறும் இரண்டாவது வீட்டை விட ஏறத்தாழ 2.3 வீதம் விரைவாக ஏறினால்தான் இரண்டும் சமமாகும். அவ்வாறு ஏறுமா என்பதுதான் முழுக் கேள்வியும். வாடகையின் அளவு உடன்படிக்கையில் எழுதப்பட்டுள்ளது. விலையேற்றமோ எங்கும் எழுதப்படவில்லை. அது நாளையின் கையில் இருக்கின்றது. நாளை எதைச் சம்பாதிப்பேன் என்று எந்த ஆன்மாவும் அறியாது என்பதை ஸூரத்து லுக்மானின் இறுதி வசனம் எமக்குக் கற்றுத்தருகின்றது.

இதைக் கேட்டு, விலையேற்றத்தை எதிர்பார்ப்பதே தவறு என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஸஹீஹுல் புஹாரியில் ஸுபைர் இப்னுல் அவ்வாம் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் சொத்துப் பற்றிய நீண்ட அறிவிப்பொன்று உள்ளது. அவர்கள் 'அல்ஙாபா' என்னும் நிலத்தை 170,000 கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவர்கள் ஷஹீதான பின்னர் மகனார் அப்துல்லாஹ் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் அதனை 16 இலட்சத்துக்கு விற்றார்கள். தந்தை விட்டுச்சென்ற 22 இலட்சம் கடனைத் தீர்ப்பதற்கு அந்த விலையேற்றம் பேருதவியாக அமைந்தது. ஆகவே நிலத்தின் பெறுமதி உயர்வது ஹலாலான ஓர் அருளாகும். அதே ஸுபைர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு மதீனாவில் பதினொரு வீடுகளும், பஸராவில் இரண்டும், கூபாவில் ஒன்றும், மிஸ்ரில் ஒன்றும் இருந்ததாகவும் அவ்வறிவிப்பு கூறுகின்றது. தலாக் சொல்லப்பட்டுத் திரும்பிவரும் தம் மகள்மார் குடியிருப்பதற்கென்று தமது வீடுகளை அவர்கள் வக்பு செய்திருந்தார்கள். ஒரு சொத்து விற்கப்பட்டுப் பயன் தந்தது. மற்றொன்று விற்கப்படாமலேயே பயன் தந்தது. எது எதற்கு என்பதில் அவர்களிடம் தெளிவு இருந்தது. அந்தத் தெளிவே எமக்கும் தேவை.

அன்பர்களே! எமது நாட்டிலேயே விலையேற்றத்தின் இரு முகங்களையும் நாம் கண்டிருக்கின்றோம். 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்ததும் கிழக்கிலும் வடக்கிலும் பல இடங்களில் காணி விலைகள் உயர்ந்தன. 2011ஆம் ஆண்டு தெற்கு அதிவேகப் பாதையின் முதற்கட்டம் திறக்கப்பட்டபோது அதன் நுழைவாயில்களை அண்டிய நிலங்களுக்கும் மவுசு கூடியது. இவற்றைக் கண்டவர்கள், காணி விலை ஏறுமே தவிர இறங்காது என்று முடிவு செய்துவிட்டார்கள். ஆனால் 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடங்கள் எழுப்பக்கூடாத வலயமென அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆயினும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் ஒரு பேர்ச் நிலத்தையும் பொன்போல் எண்ணியிருந்த குடும்பங்கள், உறுதி கையில் இருந்தும் கட்ட முடியாத நிலத்தின் முன் நின்றன. எமது பிள்ளைகள் பலர் உழைக்கும் துபாயில் 2008ஆம் ஆண்டுக்குப் பின் வீட்டு விலைகள் ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்ததையும் நாம் மறந்துவிடக்கூடாது. கட்டி முடியாத வீட்டுக்கு முற்பணம் செலுத்தி, கைமாற்றி இலாபம் பெறலாம் என்று எண்ணியிருந்தவர்களே அன்று பெரிதும் தவித்தார்கள்.

வாடகைக்கும் சோதனை உண்டு. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கடையறைகள் பூட்டிக் கிடந்தன. பல்கலைக்கழகங்களை அண்டிய விடுதியறைகள் வெறுமையாயின. 2022ஆம் ஆண்டிலோ வேறொரு சோதனை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. ஐந்தாண்டுக்கு ஒரே வாடகை என்று எழுதிக்கொடுத்திருந்த வீட்டுக்காரரின் வருமானம் எண்ணிக்கையில் மாறவில்லை. ஆனால் அதைக்கொண்டு வாங்கக்கூடிய அரிசியின் அளவு சுருங்கிவிட்டது. எனவே வாடகை உடன்படிக்கையைக் குறுகிய காலத்துக்கு எழுதுங்கள். அல்லது இன்ன ஆண்டில் இவ்வளவு உயரும் என்பதை ஆரம்பத்திலேயே எண்ணால் குறித்துவிடுங்கள். காலமும் கூலியும் அறியப்பட்டிருக்க வேண்டும் என்பதே 'இஜாரா'வுக்கு எமது பிக்ஹு நூல்கள் விதிக்கும் நிபந்தனையாகும். "பிறகு பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சே பின்னர் பிணக்குகளுக்கு வித்தாகின்றது.

இப்போது, வாங்குவதற்கான பணம் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்ப்போம். தன் கைப்பணத்தில் வாங்கியவருக்கு விலை ஏறாவிட்டாலும் நட்டம் தாங்கக்கூடியதே. அவர் காத்திருக்கலாம். தவணையில் வாங்கியவரால் அவ்வாறு காத்திருக்க முடியாது. வாடகை மாதம் ஓர் இலட்சம், தவணை ஒன்றரை இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மாதமும் 50,000 ரூபாயைத் தன் சம்பளத்திலிருந்து அந்த வீட்டுக்கு அவர் ஊட்ட வேண்டும். விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் அவர் ஊட்டுகின்றார். வெளிநாட்டு வேலை நின்றுபோனால், அல்லது வீட்டில் ஒருவர் நோயுற்றால், அந்த 50,000 எங்கிருந்து வரும்? விலை ஏறும்வரை காத்திருக்க முடியாமல், விலை இறங்கிய நாளில் விற்கத் தள்ளப்படுபவர் இவரே. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்று வீடு வாங்கியவர்களின் தவணைகள் எவ்வாறு பெருத்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

வட்டிக் கடனின் விதியை நீங்கள் அறிவீர்கள். அதை இங்கு விரிக்கவில்லை. ஆனால் இஸ்லாமிய நிதியமைப்பை நாடுவோருக்கு ஒரு வார்த்தை. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் இந்நாட்டில் அதற்கு வழி திறந்தது. வங்கியும் நீங்களும் கூட்டாக வீட்டை வாங்கி, வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக நீங்கள் வாங்கிக்கொண்டு, எஞ்சிய பங்குக்கு வாடகை செலுத்தும் 'முஷாரகா முதனாகிஸா' முறையே வீட்டுக்குப் பொதுவாகப் பயன்படுகின்றது. அதிலும் வாடகை இடைக்கிடை மீளாய்வு செய்யப்படலாம். எப்போது, எந்த அளவுகோலைக்கொண்டு, எந்த உச்சவரம்புக்குள் என்பதைக் கையொப்பமிட முன்னர் கேளுங்கள். ஹலாலான உடன்படிக்கையும் தாங்க முடியாத தவணையாக இருந்தால் குடும்பத்தை நெருக்கவே செய்யும்.

அடுத்து ஸகாத். வாடகையா, விலையேற்றமா என்ற கேள்வி பணக்கணக்கோடு முடிவதில்லை. அது இபாதத்தின் கணக்கையும் மாற்றுகின்றது. வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய கட்டடத்தின் பெறுமதிக்கு ஸகாத் இல்லை. அதிலிருந்து கிடைத்த வருமானம் நிஸாபை அடைந்து ஓராண்டு கையிருப்பில் இருந்தால் அதற்கு இரண்டரை வீதம் உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி 1985ஆம் ஆண்டு இவ்வாறே தீர்மானித்தது. ஆனால் விலை ஏறியதும் விற்பேன் என்ற நிய்யத்துடன் வாங்கிய காணி வியாபாரப் பொருளாகிவிடும். எமது ஷாபிஈ மத்ஹபின்படி ஆண்டுதோறும் அதன் சந்தைப் பெறுமதியில் இரண்டரை வீதம் ஸகாத் கொடுக்க வேண்டும்.

எண்களில் பாருங்கள். 1 கோடி 60 இலட்சம் பெறுமதியான வாடகை வீட்டின் 8 இலட்சத்து 80,000 வருமானம் முழுவதும் ஓராண்டு சேமிப்பில் இருந்தாலும் அதற்கான ஸகாத் 22,000 ரூபாய். அதே பெறுமதியுள்ள, விற்பனைக்காக வாங்கிய வெறுங்காணிக்கு ஆண்டுக்கு 4 இலட்சம். அந்தக் காணியோ ஒரு ரூபாயும் ஈட்டித் தருவதில்லை. வேறு பணத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். சந்தை உயரும்வரை பொருளைப் பிடித்து வைத்திருக்கும் வியாபாரி, விற்ற பின்னர் ஓராண்டுக்கு மாத்திரம் ஸகாத் கொடுப்பார் என்ற கருத்து மாலிகி மத்ஹபில் உள்ளது. உங்கள் நிலைமைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் பகுதி உலமாக்களிடம் விளக்கம் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கும் நாளிலேயே நிய்யத்தை ஒரு கொப்பியில் எழுதி, மனைவி மக்களுக்கும் அறிவித்துவிடுங்கள். நிய்யத்தைத் தெளிவில்லாமல் விட்டுவிட்டு, ஸகாத் காலம் வரும்போது "இது வாடகைக்கு" என்றும், விலை ஏறும்போது "இது விற்பதற்கு" என்றும் சொல்லிக்கொள்பவர் யாரை ஏமாற்றுகின்றார்?

பெற்றோர்களே, உங்களுக்கென ஒரு விடயம். நீங்கள் விட்டுச்செல்லும் சொத்து ஒருநாள் வாரிசுகளிடையே பங்கிடப்படும். எட்டு பேர்ச் காணியொன்றை மனைவி, இரண்டு மகன்மார், மூன்று மகள்மார் ஆகியோருக்குப் பிரிப்பது எவ்வாறு? மனைவிக்கு எட்டில் ஒன்று, எஞ்சியது ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று தாளில் பிரிக்கலாம்; நிலத்தில் பிரிக்க முடியாது. விற்கலாம் என்றால் ஒருவர் சம்மதிப்பார், மற்றவர் இன்னும் விலை ஏறட்டும் என்பார். இவ்வாறு பல ஆண்டுகள் பிரிக்கப்படாமல் கிடந்து, நீதிமன்றத்தில் சகோதரர்களைப் பகைவர்களாக்கிய காணிகளை நாம் அறிவோம். வாடகையோ மாதந்தோறும் பங்கிடத்தக்கது. இத்தாவில் இருக்கும் விதவைத் தாய்க்கு ஏறிய விலையால் மருந்து வாங்க முடியாது; வாடகையால் வாங்கலாம். வயது முதிர்ந்தவர்களும், வேறு வருமானம் இல்லாதவர்களும் வாடகையின் பக்கமே சாய வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இளைஞர்களே, உங்கள் நிலை சற்று வேறு. நிலையான சம்பளம் இருக்கின்றது, கடன் இல்லை, பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க முடியும். அத்தகையவர் வளர்ந்துவரும் ஓர் ஊரில், சற்றுக் குறைந்த வாடகை தரும் இடத்தை வாங்குவதில் தவறில்லை. ஆயினும் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். விலை ஏறும் என்று சொல்பவர் யார், அவர் தரகராக இருந்து உங்கள் கொள்வனவால் பயன்பெறுகின்றாரா? ஏறுவதற்கான காரணம் கண்ணால் காணக்கூடியதா, அல்லது வரப்போகும் பாதை, வரப்போகும் தொழிற்சாலை என்ற பேச்சா? ஏறவே இல்லையென்றாலும் இந்த வீடு தன் செலவைத் தானே தாங்குமா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்று சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். விற்கும்போதும் முழு விலை கைக்கு வராது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தரகுக்கூலி உண்டு, 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரியும் மீண்டும் நடைமுறைக்கு வந்துள்ளது. வாங்கும்போது முத்திரை வரியும் நொத்தாரிசுக் கட்டணமும் ஏற்கனவே போய்விட்டிருக்கும்.

எமது முன்னோர் இதில் ஓர் அழகிய முன்மாதிரியை விட்டுச்சென்றுள்ளார்கள். ஊர்ப் பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான கடைத்தொகுதிகளைக் கவனித்திருப்பீர்கள். வக்பு சொத்தை விற்பதற்கில்லை. ஆகவே அதன் விலை எவ்வளவு ஏறினாலும் பள்ளிவாசலுக்கு அதனால் நேரடிப் பயன் கிடையாது. வாடகை மாத்திரமே அதன் பயன். அந்த வாடகையில்தான் முஅத்தினின் சம்பளமும், மின்கட்டணமும், அனாதைப் பிள்ளைகளின் கொப்பிகளும் நடைபெறுகின்றன. எனவே வாங்கும் வீட்டை, "இதை ஒருபோதும் விற்க முடியாது என்றால் இதை வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு நின்றுபிடிக்கும் வீடே நீண்டகாலத்துக்கு ஏற்றது. அதற்கு மேல் விலையும் உயர்ந்தால் அல்ஹம்துலில்லாஹ். உயராவிட்டாலும் உங்கள் குடும்பம் பட்டினி கிடக்காது. வீட்டை விற்றவர் அப்பணத்தை அதுபோன்ற ஒன்றிலேயே இடாவிட்டால் அதில் பரக்கத் அரிது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள ஹதீஸும், நிலையான சொத்தை எளிதில் பணமாக்கிச் செலவழித்துவிடாதீர்கள் என்றே எம்மை எச்சரிக்கின்றது.

இறுதியாக ஒன்று. வாடகை என்று நாம் சொல்வதன் மறுபக்கத்தில் ஒரு குடும்பம் இருக்கின்றது. ஆதாயம் பொறுப்போடு இணைந்தது என்பது நபிகளார் கற்றுத்தந்த அடிப்படையாகும். கூரை ஒழுகினால் திருத்துவது வீட்டுக்காரரின் கடமை. 2022இல் போல் ஒரு நெருக்கடி வந்து, நேர்மையான குடியிருப்பாளர் ஒரு மாதம் பிந்தினால் அவகாசம் கொடுப்பது அல்குர்ஆன் காட்டும் வழி. தவணைக்காக வாடகையை எதிர்பார்த்து நிற்பவரால் அவகாசம் கொடுக்க முடியாது. தன் சக்திக்குள் வாங்கியவராலேயே முடியும். விலையேற்றத்தை மாத்திரம் நம்பியவர்களோ வீடுகளைப் பூட்டியே வைத்துவிடுகின்றார்கள். ஒரு தெருவில் மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்க, புதிதாக மணமுடித்த தம்பதியர் கூலிக்கு வீடு தேடி அலையும் ஊர்களும் எம்மிடையே உள்ளன. அந்தப் பூட்டைத் திறந்துவிடுவது உங்களுக்கும் வருமானம், அவர்களுக்கும் நிழல்.

யா அல்லாஹ்! எமது சம்பாத்தியத்தை ஹலாலாக்குவாயாக! எமது கணக்குகளில் தெளிவையும், எமது வீடுகளில் பரக்கத்தையும், எமது பிள்ளைகளிடையே ஒற்றுமையையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.